சகலை சொன்ன பெயர்

மாமனார் மூத்த மாப்பிள்ளையை "வாங்க மாப்பிள்ளை" என்பார். இளைய மாப்பிள்ளையை "வாடா மாப்பிள்ளை" என்பார். இந்த வித்தியாசத்தில் மூத்தவர் பல வருடங்களாக வெந்துகொண்டிருந்தார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மரியாதை முழுக்க மூத்தவருக்குத்தான் என்று தோன்றும். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருக்கு. முதல் தட்டு அவருக்கு. 'வாடா' என்று அழைக்கப்பட்டவனோ செருப்பைக் கழற்றிய வேகத்தில் சமையலறைக்குள் போய்விடுவான். மாமியாரிடம் டீ போடச் சொல்வான். போட்ட டீயைக் குறை சொல்வான். மாமனாரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தன் சட்டையில் துடைத்து மாட்டிவிடுவான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். மூத்தவர் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே மரியாதையோடு தனியாக உட்கார்ந்திருப்பார்.

வேலை செய்யும் இடத்தில் மூத்தவருக்குக் கம்பீரம் என்று பெயர். குரலால் வந்த பெயர். இளம் வயதில் ஒரு பொருட்காட்சியில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை பார்த்தார். பிள்ளையைத் தொலைத்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு அவர் குரலைக் கேட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான். பிறகு பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொன்னார். அங்கிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். வெளிநாட்டு ஆவணப் படங்களுக்குத் தமிழில் வர்ணனை பேசும் வேலை. திமிங்கலம், எரிமலை, பிரமிடு, எறும்புப் புற்று எல்லாம் தமிழில் அவர் குரலில்தான் வாழ்ந்தன. முகம் யாருக்கும் தெரியாது. கடையில் நின்று அரைக் கிலோ வெங்காயம் என்று கேட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய ழகரம் பெயர் போனது. புதிதாகப் பேச வருகிறவர்களை நிற்கவைத்து வாழைப்பழம் சொல்லச் சொல்வார். தேறாதவர்களைப் பார்த்து, "பழத்தை உரிச்சுட்டுத் தோலை மட்டும் குடுக்கிறீங்களே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் அது இன்றைக்குத்தான் தோன்றியதுபோலச் சிரிப்பார்.

உலகத்தின் பெரிய கட்டடங்களைப் பற்றிய ஒரு தொடர் கூடத்துக்கு வந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. முதல் படத்தில் பிரெஞ்சுப் பெயர்களைக் கம்பீரம் தன் இஷ்டத்துக்கு உச்சரித்துவிட்டார். அங்கே போய் வந்தவர்கள் நாலைந்து பேர் தொலைக்காட்சிக்கு எழுதிப் போட்டார்கள். இனிமேல் பெயர் ஒன்று பிசகினாலும் தொடரை வேறு கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த படம் மாஸ்கோவில் இருக்கும் ஒரு பேராலயம். வெங்காயத்தை நுனி மேலே இருக்கும்படி நிறுத்திவைத்த மாதிரிக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். படத்தில் எல்லோரும் பார்த்ததுதான். பெயர்தான் ஒருவருக்கும் வாயில் வரவில்லை.

கூடத்தை நடத்துகிற அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் உரையை மேசையில் போட்டார்.

"ஆங்கிலத்தில இதுக்கு ஒரு பேரு. ரஷ்யாக்காரங்க சொல்றது வேற பேரு. ஆவணத்துல இருக்கிறது மூணாவது பேரு. மொழிபெயர்ப்பாளர் என்ன எழுதியிருக்கார் பாருங்க. அகழியின் மேல் அமைந்த பரிந்துரைப் பேராலயம்."

ஒலிப்பதிவாளருக்குக் காது என்று பெயர். தெருவில் போகும் வண்டியின் சத்தத்தை வைத்து அதற்கு என்ன கோளாறு என்று சொல்வான். அவன் தலையை நீட்டி, "சிபாரிசுக் கோயிலா மேடம்? யார் யாருக்கு சிபாரிசு?" என்றான்.

"அதைத்தான் கேட்கிறேன். அந்த மொழி தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

கம்பீரம் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். காது அவரையே பார்த்தான்.

"அண்ணே, உங்க சகலை அங்கதானே படிச்சார்? உங்க வீட்டு விசேஷத்துல என்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டிருந்தாரே."

"படிச்சான்" என்றார் கம்பீரம். "படிச்சதை எல்லாம் பனியிலேயே விட்டுட்டு வந்திருப்பான். இப்ப லிப்ட் கம்பெனியில இருக்கான். மேல, கீழ, இது ரெண்டுதான் இப்ப அவன் மொழி."

"போன் நம்பர் இருக்கா?" என்றார் மேடம்.

சகலை மறுநாள் மத்தியானமே வந்துவிட்டான். லிப்ட் கம்பெனிச் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து. வாசலில் இருந்த காவல்காரரிடம் பேச்சுக் கொடுத்து, அவருக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் உள்ளே நுழைந்தான். ஐந்து நிமிடத்தில் மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். மேடம் சிரித்துக் கம்பீரம் பார்த்தது அதற்கு முன்பு எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

பெயர் ஆங்கில எழுத்தில் அடித்துத் தரப்பட்டிருந்தது. கம்பீரம் முந்திக்கொண்டார். பெயரின் நடுவில் zh என்ற இரண்டு எழுத்துகளைப் பார்த்ததும் அவருக்குள் ஒரு விளக்கு எரிந்திருந்தது. ஆங்கிலத்தில் தமிழையும் யாழையும் எழுதும்போது ழகரத்துக்குப் போடுகிற அதே எழுத்துகள்.

"சோபோர் வாசிலியா ப்லழென்னோகோ" என்றார். ழகரத்தைப் பாகு மாதிரி இழுத்தார். "நம்ம ழ அவங்ககிட்டயும் இருக்கு பாருங்க."

சகலை உடனே சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

"அண்ணா, கிட்டத்தட்ட வந்துட்டீங்க. ழ வரைக்கும் போயிட வேண்டாம், பாதி வழியில நாக்கை நிறுத்திடுங்க. ஷ சொல்ற மாதிரிக் காத்தை விட்டு, கூடவே தொண்டையும் அதிரணும். வண்டு ஒண்ணு வாய்க்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி." பிறகு சாதாரணமாக, யாரையோ பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோலச் சொன்னான். "சபோர் வசீலியா ப்லஷேன்னவா."

எழுத்தில் எழுதினால் ஷ என்றுதான் எழுத முடியும். அவன் சொன்னது ஷ இல்லை. ஜ இல்லை. காது தன் இரண்டு காதுகளையும் கொடுத்துக் கேட்டான்.

"இன்னொரு தடவை" என்றார் மேடம்.

அவன் இன்னொரு தடவை சொன்னான். கம்பீரத்தின் ழகரம் மேசைமேல் யாரும் எடுக்காமல் கிடந்தது.

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். பிற்பாடு பல முறை யோசித்துப் பார்த்தார், யாரும் சொல்லச் சொல்லவில்லை, தானாகத்தான் சொன்னார்.

"மேடம், பைலட்டை இவனே பேசட்டுமே."

பைலட் என்பது தற்காலிகக் குரல். உரையை யாராவது ஒருவர் முதலில் பேசிப் பதிவு செய்வார்கள். படத்தை வெட்டுகிறவர் அந்தக் குரலைக் கேட்டு, வாக்கியம் முடியும் இடத்தில் காட்சியை முடிப்பார். பிறகு உண்மையான குரல்காரர் வந்து அதன்மேல் பேசுவார். பைலட் அழிக்கப்படும். சாரம் கட்டிக் கட்டடம் எழுப்பி, சாரத்தைப் பிரித்துப் போடுகிற மாதிரி.

"பேரெல்லாம் சரியா விழும். நான் அதைக் கேட்டுப் பழகிக்கிறேன்" என்றார் கம்பீரம்.

மேடம் அவரைப் பார்த்த பார்வையில் மெச்சுதல் இருந்தது. பெரிய மனசு என்று நினைத்திருப்பார். கம்பீரத்தின் மனசில் இருந்தது வேறு. மைக் முன்னால் நிற்காதவனுக்கு அதன் குணம் தெரியாது. வாய் ஓயாமல் பேசுகிறவன்கூட அந்த அறைக்குள் போய்க் கதவு மூடியதும் எச்சில் விழுங்குவான். அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். இவனும் விழுங்கட்டும். பதிவறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சகலை எச்சில் விழுங்கினான். முதல் வரியில் தடுக்கினான். இரண்டாவது வரியைப் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னான். கம்பீரத்துக்கு வயிற்றில் இதமாக இருந்தது.

"யாருக்குச் சொல்றதுன்னே தெரியலையே" என்றான் உள்ளேயிருந்து.

காது பொத்தானை அழுத்தி, "வீட்டுல உங்க சம்சாரத்துக்கு சொல்ற மாதிரி சொல்லுங்க சார்" என்றான்.

"அவ எங்க கேட்பா? வெந்நீர் வெச்சீங்களான்னு கேட்பா." சிரித்தான். சிரித்த சிரிப்போடு மூன்றாவது வரியை ஆரம்பித்தான். அதற்குப் பிறகு தடுக்கவில்லை. நேற்றுப் போய்விட்டு வந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறவன் குரல் அது. பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் தணிந்தான். சபோர் வசீலியா ப்லஷேன்னவா. காது கையை விசையிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

கம்பீரம் தண்ணீர் குடிக்கப் போனார்.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள். "தங்கச்சி போன் பண்ணா. உங்க கூடத்துல அவர் பேசினாராமே. நீங்கதான் பேச வெச்சீங்களாமே."

"பைலட்தான். அழிச்சிடுவாங்க."

"நல்லா பேசினாரா?"

"லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் பேசுற மாதிரி இருந்தது."

அவள் துணி தைக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். நிமிராமலே, "என் தங்கச்சி வீட்டுக்காரர் பேச்சு வந்தா உங்க மூக்கு ரெண்டு பக்கமும் விரியுது. கண்ணாடியில பாருங்க" என்றாள்.

அவர் பார்க்கவில்லை. குளிக்கப் போன இடத்தில் தெரியாமல் கண்ணாடி எதிரே வந்தபோது பார்த்தார்.

படம் வெட்டி முடிந்தது. மேடம் கம்பீரத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வந்தது. மேடம் அறையில் டீ வந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"பைலட்டோட சேர்த்துப் படத்தைப் பார்த்தேன்" என்றார். "வெட்டினவரும் பார்த்தார். தொலைக்காட்சியிலேருந்து ஒருத்தர் வந்திருந்தார், அவரும் பார்த்தார். இதை அப்படியே வெச்சுக்கலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க."

கம்பீரம் டீயை ஊதினார்.

"இந்த ஒரு படம்தான். மத்ததெல்லாம் நீங்கதான். ஆனா அவர் முறைப்படி ஒத்துக்கணும். குறைகளைச் சரிபண்ண இன்னும் ரெண்டு நாள் வந்து பேசணும். நீங்க சொன்னா கேட்பார். ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்."

"பேசுறேன்" என்றார்.

படிகளில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அவருக்கு அது தெளிந்துகொண்டே வந்தது. இந்த ஒரு படம் என்பார்கள். அடுத்தது இன்னொரு படம் என்பார்கள். மாமனார் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டால் அவன் குரல் வரும். சமையலறைக்குள்ளும் அவன், கூடத்திலும் அவன். தனக்கென்று உலகத்தில் இருந்தது ஒரு தொண்டை. அதற்குள்ளும் சாவிக் கொத்தோடு வந்துவிட்டான்.

அவர் பேசவில்லை. கைபேசியை எடுத்து அவன் பெயரைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். மறுநாள் மேடத்திடம் போய், "பேசினேன் மேடம். அவனுக்கு இதுல எல்லாம் இஷ்டம் இல்லையாம்" என்றார்.

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா" என்றார். "சரி. அப்ப நீங்களே பண்ணிடுங்க. படம் அவர் வேகத்துக்கு வெட்டியிருக்கு, அதை மட்டும் பார்த்துக்குங்க."

அதை மட்டும் என்றது எவ்வளவு என்று அறைக்குள் போன பிறகுதான் தெரிந்தது. ஹெட்போனை மாட்டியதும் பைலட்டிலிருந்து சகலை பேச ஆரம்பித்தான். அவன் மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் வாங்க வேண்டும். அவன் முடிக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். கம்பீரத்தின் குரல் யானை நடை. ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைத்து, அது நிலத்தில் பதிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தூக்கும். சகலையின் குரல் படி ஏறி இறங்கிப் பழகியது. இவர் அரசன் கோயில் கட்டியதைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் கோயில் முடிந்து பனி பெய்ய ஆரம்பித்துவிட்டது. வேகமாகப் பேசினால் பேருந்து நிலையம் வந்துவிட்டது.

"அண்ணே, வண்டி புறப்படும்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றான் காது.

ஒரு வழியாக மற்றவற்றை ஒட்டவைத்தார்கள். பெயர் மட்டும் ஒட்டவில்லை. ப்லழென்னவா. ப்லஜ்ஜென்னவா. ப்லஷ்ஷென்னவா. ஒவ்வொரு தடவையும் முன்னால் சகலையின் குரல் காதில் சரியாக விழும். பின்னாலேயே இவருடையது தவறாக வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

காது மெதுவாகச் சொன்னான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மூணே சொல்லு. அதை மட்டும் பைலட்லேருந்து எடுத்து ஒட்டிடவா?"

"என் குரலுக்கு நடுவுல இன்னொருத்தன் குரலா? வேட்டிக்கு வேற துணியில ஒட்டா?"

"அப்ப என்ன பண்றது?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று ஹெட்போனைக் கழற்றினார்.

சாயங்காலம் சகலை வீட்டுக்குப் போனார். இத்தனை வருடத்தில் தனியாக அங்கே போனது அதுவே முதல் தடவை. கதவைத் திறந்த மைத்துனி, "என்ன அத்தான், வழி தவறி வந்துட்டீங்களா? அக்காகூட சண்டையா?" என்றாள்.

"உன் வீட்டுக்காரரைப் பார்க்கணும்."

"உள்ள துணி மடிச்சிட்டிருக்கார். போங்க, நீங்களும் ரெண்டு மடிங்க."

கட்டில்மேல் காய்ந்த துணி மலையாகக் கிடந்தது. சகலை எழுந்து ஒரு மூலையை ஒதுக்கி அவரை உட்கார வைத்தான். கம்பீரம் நேராக விஷயத்துக்கு வந்தார். அந்தச் சொல் தனக்குச் சரியாக விழ வேண்டும், சொல்லிக்கொடு என்றார்.

அவன் துணி மடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். முதல் எழுத்தில் அழுத்தம் வேண்டாம். 'ஷே' மேல்தான் எல்லா பாரமும். பாரத்தை அங்கே இறக்கிவிட்டால் மீதி தானாக உருண்டு போய்விடும். கம்பீரம் சொன்னார். அவன் தலையாட்டினான். மறுபடி சொன்னார். "நாக்கு இன்னும் வாழைப்பழத்தையே தேடுது அண்ணா" என்றான். கம்பீரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக எரிச்சலும் வந்தது.

"அர்த்தம் தெரியாம சொல்றதால வரலையோ என்னவோ" என்றார். "யாரு இந்த வசீலி?"

"ஒரு பைத்தியக்காரர் அண்ணா. அப்படித்தான் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். பனியில துணி இல்லாம திரிவார். ராஜாவையே நிறுத்தி மூஞ்சிக்கு நேரா கேள்வி கேட்பார்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல சித்தர்னு சொல்ற மாதிரி. ப்லஷேன்னின்னா பேறு பெத்தவர், அருள் பெத்தவர். கடவுளுக்காகக் கிறுக்கானவங்களையும் அங்க அப்படித்தான் சொல்வாங்க."

"கோயிலை அவருக்கா கட்டினாங்க?"

"இல்லையே. ராஜா ஒரு நகரத்தை ஜெயிச்சதுக்குக் கட்டினது. நடுவுல ஒரு கோயில், சுத்தி எட்டு. வெச்ச பேரு மாதாவோட பேரு. போக்ரோவ்னு ஒரு சொல். முக்காடு, போர்வை. மாதா தன் முக்காட்டை விரிச்சு, கடவுள்கிட்ட பரிஞ்சு பேசி ஜனங்களைக் காப்பாத்தினதா ஒரு நம்பிக்கை. அதைத்தான் உங்க ஆளு பரிந்துரைன்னு எழுதியிருக்கார். பக்கத்துல அகழி இருந்ததால அகழிமேல் இருக்கிற கோயில்."

"அப்புறம் இவர் பேரு எப்படி வந்தது?"

"அவரைப் புதைச்ச இடத்துமேல பின்னால ஒரு சின்னக் கோயில் ஒட்டுக் கட்டினாங்க. மத்ததுல எல்லாம் எப்பவோ ஒரு நாள்தான் வழிபாடு. இந்தச் சின்னதுல தினமும். குளிர் காலத்துலயும் திறந்திருக்கும். ஜனங்க எங்கே போறேன்னு கேட்டா வசீலிகிட்ட போறேன்னாங்க. அதே பேரு மொத்தத்துக்கும் ஒட்டிக்கிச்சு." ஒரு சின்னச் சட்டையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டான். "நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். சீட்டு குடுக்கிற அம்மா, பேரைச் சரியா சொன்னாதான் சீட்டுன்னு விளையாட்டா நிறுத்திட்டாங்க. பின்னாடி பெரிய வரிசை. எல்லாரும் சேர்ந்து எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. நான் சரியா சொன்னதும் கை தட்டினாங்க. அண்ணா, அங்கேருந்து திரும்பி வந்ததுக்கு அப்புறம் அந்த மொழியில ஒரு வார்த்தை சொல்லுன்னு யாரும் என்னைக் கேட்டதே இல்லை. உங்க கூடத்துலதான் கேட்டாங்க."

கம்பீரம் கட்டில் விரிப்பின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டார்.

"மேடம் உன்கிட்ட ஏதாவது பேசினாங்களா?"

"பேசினாங்களே. உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே போன் பண்ணாங்க, நீங்களே பேசிடுங்கன்னு. நான் மாட்டேன்னுட்டேன். அது உங்க இடம். அண்ணாவை விட்டுப் பேசச் சொல்லட்டுமான்னாங்க. உங்க இஷ்டம்னேன்." அவன் அடுத்த துணியை எடுத்து உதறினான். "நீங்க கேட்டிருந்தா என்னால மறுத்திருக்க முடியாது. வந்திருப்பேன். நீங்க கேட்கலை. சரி, அண்ணாவுக்கு மனசு இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டேன். எனக்கும் நிம்மதியாதான் இருந்தது."

அவன் குரலில் குத்தல் இல்லை. கம்பீரம் தேடித் தேடிப் பார்த்தார். இருந்தால் எழுந்து போக வசதியாக இருக்கும். ஒரு முனைகூடக் கிடைக்கவில்லை.

தான் சொன்ன பொய் பொய்யாகவும் இல்லாமல் போய்விட்டது என்பது அவருக்கு உறைத்தது. இஷ்டம் இல்லையாம் என்று சொன்னார், அவனுக்கு இஷ்டம் இல்லைதான். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. திருடப் போன வீட்டில், வாசலிலேயே எடுத்து வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"டீ குடிச்சிட்டுப் போங்க அத்தான்" என்றாள் மைத்துனி.

"இன்னொரு நாள்" என்று எழுந்தார்.

அந்தக் கட்டடத்தில் லிப்ட் இருந்தது. அவர் படியில் இறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில், யாரும் இல்லாத இடத்தில், வாயைத் திறந்தார். நாக்கு பாதி வழியில் நின்றது. தொண்டை அதிர்ந்தது. பாரம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. சபோர் வசீலியா ப்லஷேன்னவா. சுவர்கள் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. ஒரு பிசகு இல்லை. இன்னொரு தடவை சொன்னார். சகலை சொன்னதைவிடக்கூட நன்றாக இருந்தது. குரல் வேறு ஆயிற்றே. கீழே யாரோ கதவைத் திறந்து மேலே எட்டிப் பார்த்தார்கள். கம்பீரம் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இறங்கிப் போனார்.

வீடு வரைக்கும் அந்தச் சொல் வாயில் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. நாளை இதைச் சொன்னால் எல்லோரும் மெச்சுவார்கள். தொடர் தப்பிக்கும். மாமனார் கேட்பார். ஒவ்வொரு தடவை படம் ஓடும்போதும் அவன் தன் கட்டிலில் துணி மடித்துக்கொண்டே கேட்பான். தன் சொல் ஊராரிடமிருந்து மெச்சுதல் வாங்கிக்கொண்டிருப்பதைக் கேட்டு, நிம்மதியாகச் சிரிப்பான். இடத்தைக் கொடுத்தவன் அவன். சொல்லைக் கொடுத்தவனும் அவன். தான் செய்தது கையேந்தியது மட்டும்தான். அந்த நிம்மதியை நினைத்தபோது அவர் மூக்கு இரண்டு பக்கமும் விரிந்தது. இந்தத் தடவை கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

காலையில் கூடத்துக்குப் போனதும் மேடம் கேட்டார். "வந்ததா?"

"வரலை மேடம்."

காது நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்வளவோ பார்த்துட்டேன். என் நாக்குக்கு அது படியலை" என்றார் கம்பீரம். "அந்த மூணு சொல்லை அவன் பேசினதிலேருந்தே வெச்சுடுங்க. அவன் பேரையும் கடைசியில போட்டுடுங்க."

"நிச்சயமாவா?" என்றார் மேடம். "நீங்கதான் ஒட்டுப் போட மாட்டேன்னு சொன்னீங்க."

"அவனோடது அவன்கிட்டயே இருக்கட்டும்."

மேடத்தின் முகத்தில் பைலட் பேசச் சொன்ன அன்று வந்த அதே மெச்சுதல் வந்தது. தப்பான இடத்திலேயே இந்த அம்மாள் மெச்சுகிறார் என்று நினைத்தபடி கம்பீரம் அறைக்குள் போனார்.

தொடக்கத்திலிருந்து பேசினார். யானையைக் கொஞ்சம் குனியவைத்தார். அரசன் வந்தான், நகரத்தை வென்றான், கோயில் எழும்பியது, காட்சிகள் வாக்கியத்தோடு சேர்ந்து முடிந்தன. கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பெயர் வரும் இடம் நெருங்கியது. காது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். கம்பீரம் நிறுத்தினார்.

ஹெட்போனில் சகலை தணிந்த குரலில் அந்தப் பெயரைச் சொன்னான்.

கம்பீரத்தின் உதடுகள் அசைந்தன. நாக்கு பாதி வழியில் நின்றது, பாரம் சரியான இடத்தில் இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. மைக்கில் ஒன்றும் விழவில்லை.

காது அதைப் பார்த்துவிட்டான். பொத்தானை அழுத்தினான். "என்னண்ணே? ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லையே" என்றார் கம்பீரம். "அடுத்ததுக்குப் போ."